அகத்தைக் காட்டிய புகைப்படங்கள்: ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார் (1815 – 1879)

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம் முன்னோர் கூறிய முதுமொழி. முகத்தைப் பார்ப்பவர் அகத்தையும் காண விரும்பினால்தான் இம்மொழி மெய்யாகும். நிறத்தையும் நகையையும் உடுப்பையும் மட்டுமே எடைபோடும் கண்ணுக்கு எவருடைய அகமும் தெரியாது. கேமராவும் ஒரு கண்தான். அது எதைப் பார்க்க வேண்டும் என்பதை அதன் பின்னால் நிற்பவரே தீர்மானிக்கிறார்.

நம் அவலூர்பேட்டையிலும் செஞ்சியிலும் சென்ற தலைமுறைப் பெண்களுக்கு வாய்த்த புகைப்படங்கள் பெரும்பாலும் மூன்று நான்கைத் தாண்டா. பள்ளியிறுதி வகுப்பில் ஆசிரியைகளோடு அமர்ந்து எடுத்த குழுப்படம் ஒன்று; வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்ப எடுத்த படம் ஒன்று; மணக்கோலத்தில் ஒன்று. இவற்றுள் நடுவிலுள்ள படத்தைப் பற்றியே நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும். மாளிகையும் பூந்தோட்டமும் தீட்டிய திரைக்கு முன்னால், முகம் நிறையப் பவுடர் பூசி, இரவல் நகை அணிந்து, பூந்தொட்டி வைத்த மேசைமேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அந்தப் பெண் நிற்பாள். அந்தப் படம் பல வீடுகளில் கைமாறும். நிறம் சற்று மட்டு, உயரம் போதாது, மூக்கு எடுப்பாக இல்லை என்று பேசுவார்கள். அவள் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியதோ, நோயுற்ற பாட்டியை இரவெல்லாம் கண்விழித்துப் பார்த்துக்கொண்டதோ அந்தப் படத்தில் இராது. இன்று ஸ்டூடியோவின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. ஒரே நாளில் பத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். ஆயினும் தோலை வெளுப்பாக்கி, கன்னத்தை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும் அதிலேயே அமைந்திருக்கிறது. கருவி மாறிற்று, பார்வை மாறவில்லை.

இந்தப் பார்வையை மாற்ற முடியும் என்று ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன்பே கேமராவைக் கொண்டு காட்டியவர் ஒரு பெண்மணி. அவர் இந்திய மண்ணில் பிறந்தார். இலங்கையின் மலைநாட்டில் மறைந்தார். அவர்தாம் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையார். உலகப் புகைப்படக் கலை வரலாற்றில் முன் வரிசையில் வைத்து எண்ணப்படும் இவ்வம்மையாரின் வாழ்க்கையில் நாம் பாராட்டிப் பின்பற்ற வேண்டியதும் உண்டு. தயங்கி நின்று யோசிக்க வேண்டியதும் உண்டு.

பிறப்பும் குடும்பமும்

ஜூலியா 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பேட்டில், கிழக்கிந்தியக் கம்பெனியின் உயர் அலுவலர். தாயார் அடலீன், பிரெஞ்சுப் பிரபு குலத்தவர். அடலீனுடைய தாயாரின் குடும்பம் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடும்பம். செஞ்சியிலிருந்து ஒரு காலைப் பொழுதில் எட்டிவிடக்கூடிய புதுச்சேரியோடு ஜூலியாவின் முன்னோருக்கு இத்தகைய தொடர்பு இருந்தது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

பேட்டில் குடும்பத்துப் பெண்கள் எழுவர். கல்கத்தாவிலும் லண்டனிலும் அவர்களுடைய அழகைப் பற்றிப் பேசாதவர் இல்லை. ஓவியர்கள் அவர்களை வரையப் போட்டியிட்டனர். ஆனால் அந்த எழுவருள் ஜூலியா மட்டும் அழகில் குறைந்தவர் என்று கருதப்பட்டார். குட்டையான உருவம், சாதாரண முகம், கரகரத்த குரல். அழகிய சகோதரிகளுக்கு நடுவே வளரும் ஒரு சிறுமியை உறவினர் எப்படி ஒப்பிட்டுப் பேசுவர் என்பதை நம் வீடுகளிலேயே கண்டிருக்கிறோம். பெண் என்றால் அழகு, அழகு என்றால் இன்ன அளவு என்று வகுத்து வைத்திருந்த உலகத்தில் அந்த அளவுக்குள் அடங்காதவராக ஜூலியா வளர்ந்தார். பிற்காலத்தில் அவர் பெண்களின் முகங்களைப் பார்த்த முறைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பிரான்சில் பாட்டியின் மேற்பார்வையில் கல்வி கற்று, 1834இல் ஜூலியா இந்தியா திரும்பினார். 1836இல் உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். அங்கே இருவரைச் சந்தித்தார். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். புகைப்படத்தை அழியாமல் நிலைநிறுத்த உதவும் ஹைப்போ என்னும் உப்பின் தன்மையைக் கண்டறிந்தவர் இவரே. 1839இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அச்செய்தியை ஜூலியாவுக்குக் கடிதம் மூலம் தெரிவித்தவரும் இவரே. மற்றவர் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞர். ஜூலியாவைவிட இருபது வயது மூத்தவர். 1838இல் இவர்கள் திருமணம் கல்கத்தாவில் நடைபெற்றது.

இல்லறமும் இரக்கமும்

கேமரன் இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு அறிமுகமானவர். 1830களில் இலங்கையின் ஆட்சி, நீதி முறைகளைச் சீர்திருத்திய கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர். பின்னர் கல்கத்தாவில் தலைமை ஆளுநரின் மன்றத்தில் சட்ட உறுப்பினராகப் பணியாற்றினார். இலங்கையில் அவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்தன.

ஜூலியா வெறும் அதிகாரி மனைவியாக விருந்துகளில் காலம் கழிக்கவில்லை. அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழிந்து மக்கள் பஞ்சத்தால் மடிந்தபோது, கல்கத்தாவில் இருந்துகொண்டே நிதி திரட்டி அனுப்பினார். ஜெர்மன் கவிதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1847இல் வெளியிட்டார். 1848இல் குடும்பம் இங்கிலாந்து சென்று குடியேறியது. தம் பிள்ளைகள் அறுவரோடு, பெற்றோரில்லாத உறவுப் பிள்ளைகளையும் அம்மையார் வளர்த்தார். லண்டனை அடுத்த புட்னியில் தாயுடன் பிச்சையெடுத்துக் கொண்டிருந்த மேரி ரையன் என்னும் ஐரிஷ் சிறுமியை வீட்டுக்கு அழைத்து வந்து, தம் பிள்ளைகளுடன் சேர்த்துக் கல்வி தந்தார். இச்சிறுமியைப் பற்றிப் பின்னர் மீண்டும் காண்போம்.

1860இல் ஒயிட் தீவிலுள்ள ஃபிரஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில் இரண்டு வீடுகளை வாங்கி ஒன்றாக இணைத்தனர். இலங்கைத் தோட்டத்தின் நினைவாக அவ்வீட்டுக்கு டிம்போலா என்று பெயரிட்டனர். கவிஞர் டென்னிசன் அடுத்த வீட்டுக்காரர்.

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பரிசு

1863ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்வையிடச் சென்றிருந்தார். மகன்களும் வெளியூரில். தாயாரின் தனிமையைப் போக்க எண்ணிய மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கேமராவைப் பரிசளித்தனர். பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று அளித்த பரிசு அது. அப்போது அம்மையாருக்கு வயது 48. அக்காலத்தில் அந்த வயதுப் பெண்மணி பேரப்பிள்ளைகளைக் கொஞ்சி, பூந்தையல் போட்டு அமைதியாக இருக்க வேண்டும் என்றே உலகம் எதிர்பார்த்தது. அவரோ அந்த வயதில் ஒரு புதிய கலையின் அரிச்சுவடியைத் தொடங்கினார்.

அந்நாளைய புகைப்படம் இன்று நாம் விரலால் தொட்டு எடுக்கும் படம் போன்றதன்று. பெரிய கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான திரவத்தைச் சீராகப் பரப்ப வேண்டும். பின் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே கேமராவில் பொருத்திப் படமெடுத்து, உலர்வதற்குள் இருட்டறைக்கு ஓடி அதைக் கழுவ வேண்டும். ஒரு தூசு விழுந்தாலும் படம் கெட்டுவிடும். வெள்ளி நைட்ரேட் பட்ட கைகளில் கரிய கறை ஏறும்; எளிதில் போகாது. அம்மையாரின் விரல்களும் உடைகளும் எப்போதும் இந்தக் கறையுடனே இருந்தன. அவர் அதைப் பற்றி வெட்கப்படவில்லை.

வீட்டின் நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகைக்குக் கண்ணாடிக் கூரையிட்டு அதையே படமெடுக்கும் கூடமாக்கினார். 1864 ஜனவரியில், ஊரிலிருந்த ஆனி என்னும் சிறுமியின் முகத்தை எடுத்தபோது முதல் வெற்றி கிடைத்தது. அதே ஆண்டில் லண்டன் புகைப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். தம் படங்களுக்கு முறைப்படி பதிப்புரிமையும் பதிவு செய்யத் தொடங்கினார். அவ்வாறு 500க்கும் மேற்பட்ட படங்களைப் பதிந்தார். தம் உழைப்பு தமக்கே உரியது என்பதில் அவர் தெளிவாக இருந்தார்.

முகமே போதும்

1860களில் ஐரோப்பாவில் எங்கு பார்த்தாலும் சிறு அட்டைப் படங்கள் விற்பனையாயின. பாரிஸ் நகரில் 1854இல் உரிமம் பெறப்பட்ட இம்முறையில், உள்ளங்கையளவு அட்டையில் படத்தை ஒட்டித் தருவார்கள். அவற்றில் பெண்கள் பெரும்பாலும் தலை முதல் கால் வரை தெரிய நிற்பார்கள். குடை போல் விரிந்த பாவாடை, பக்கத்தில் ஒரு தூண், பின்னால் திரைச்சீலை. முகம் ஒரு கடலைப் பருப்பளவே இருக்கும். துணியும் இடையும்தான் படத்தை நிறைக்கும். நடிகைகளின் அட்டைகளைக் கடைக்காரர்கள் கண்ணாடிக்குள் அடுக்கி விற்றார்கள். பெண் என்பவள் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கும் காட்சிப் பொருளாகிக் கொண்டிருந்தாள்.

கேமரன் அம்மையார் இவ்வழியை முற்றிலும் விட்டார். தூணையும் திரையையும் விரிந்த பாவாடையையும் நீக்கினார். எளிய இருண்ட துணியைப் போர்த்தச் செய்து, கேமராவை முகத்துக்கு அருகே கொண்டுவந்தார். 1866 முதல் இன்னும் பெரிய கேமராவைக் கொண்டு, ஏறத்தாழ உண்மையான அளவிலேயே முகங்களை எடுத்தார். ஒரு படத்திற்குச் சில நிமிடங்கள் வரை அசையாமல் இருக்க வேண்டும். அத்தனை நேரம் யாராலும் பொய்யாகப் புன்னகை செய்துகொண்டிருக்க முடியாது. வேடம் கலைந்து, அந்த மனிதர் தம் எண்ணங்களோடு தனித்திருக்கும் முகம் தானாகவே வெளிப்பட்டது.

இதற்குச் சிறந்த சான்று, 1867இல் எடுத்த ஜூலியா ஜாக்ஸனின் படம். இவர் அம்மையாரின் சகோதரி மகள், கல்கத்தாவில் பிறந்தவர், அம்மையாரின் பெயரையே பெற்றவர். அப்போது திருமணம் நிச்சயமாகியிருந்த இருபத்தொரு வயது நங்கை. நம்மூரில் அந்த நேரத்தில் எடுக்கும் படம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஆனால் இப்படத்தில் நகையில்லை, சிரிப்பில்லை, கூந்தல் அவிழ்ந்து கிடக்கிறது. பாதி முகம் ஒளியில், பாதி நிழலில். கண்கள் பார்ப்பவரை நேருக்கு நேர் பார்க்கின்றன. என்னை எடைபோடாதே, என்னோடு பேசு என்று சொல்வது போன்ற பார்வை அது. இந்த ஜூலியாவின் மகளே பிற்காலத்தில் புகழ்பெற்ற எழுத்தாளர் வர்ஜீனியா உல்ஃப்.

1864இல் எடுத்த மற்றொரு படம் எல்லன் டெரி என்னும் நடிகையுடையது. மேடையில் புகழ் பெற்றிருந்த அச்சிறுமியை, பதினேழு வயது நிரம்புமுன்னே, 46 வயது ஓவியர் ஒருவருக்கு மணம் முடித்திருந்தார்கள். வேறு யாராயினும் மகிழ்ச்சி பொங்கும் மணப்பெண்ணாக அவளை அலங்கரித்துக் காட்டியிருப்பர். அம்மையாரின் படத்தில் அவள் சுவரில் சாய்ந்து, கண் தாழ்த்தி, கழுத்து மாலையைக் கையால் பற்றியபடி இருக்கிறாள். அப்படத்திற்குத் துயரம் என்று பெயர் வைத்தார் அம்மையார். அம்மணவாழ்வு ஓராண்டுகூட நீடிக்கவில்லை. மற்றவர் அழகைக் கண்ட இடத்தில் இவர் ஒரு பெண் குழந்தையின் மனத்தைக் கண்டார்.

வேலைக்காரப் பெண் மரியன்னையானாள்

நம் பள்ளியில் படிக்கும் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவாகவே இருக்கும். அம்மையார் மரியன்னையும் குழந்தை இயேசுவும் என்னும் பொருளில் பல படங்களை எடுத்தார். கோவில்களிலும் ஓவியக் கூடங்களிலும் மரியன்னையைப் பட்டும் மணிமுடியும் பூண்ட அரசியாகக் கண்டு பழகிய கண்களுக்கு அப்படங்கள் புதுமையாக இருந்தன. அவற்றில் பலமுறை மரியன்னையாக அமர்ந்தவள் மேரி ஹில்லியர். அவள் அவ்வூரில் பிறந்த எளிய குடும்பத்துப் பெண். அம்மையாரின் வீட்டில் வேலை செய்தவள். காலையில் பாத்திரமும் துணியும் எடுத்துத் தந்த அதே கைகளில் பகலில் குழந்தையை ஏந்தி அவள் தேவதாயாக அமர்ந்தாள். ஊர்க்காரர்கள் அவளை மடோனா மேரி என்றே அழைக்கலாயினர். நாசரேத்தூர்த் தச்சரின் மனைவியும் வீட்டு வேலை செய்த ஏழைத் தாய்தானே! அந்த உண்மையை அம்மையாரின் கேமரா நினைவூட்டியது.

மேரி ரையனின் கதை இன்னும் சுவையானது. பிச்சையெடுத்த அச்சிறுமி வளர்ந்து, வீட்டு வேலைகளில் உதவியதோடு அம்மையாரின் பல படங்களுக்கும் அமர்ந்தாள். லண்டனில் நடந்த படக் கண்காட்சியில் அவளைக் கண்டு மனம் பறிகொடுத்த ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் 1867இல் அவளை மணந்தார். இந்த ஹென்றி காட்டன் நம் கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் உயர்ந்து அசாம் மாநிலத்தின் தலைமை ஆணையரானவர். இந்தியர் உரிமைக்காகப் பரிந்து பேசி, 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர்.

ஏளனமும் ஏற்றமும்

அம்மையாரின் படங்கள் சற்று மங்கலாக இருக்கும். ஓரங்கள் தெளிவாக இரா. சில தகடுகளில் கீறலும் விரல் ரேகையும் தெரியும். ஆண்களே நிறைந்திருந்த புகைப்படச் சங்கங்களில் இதைக் காட்டி ஏளனம் செய்தனர். கருவியைக் கையாளத் தெரியாத பெண் என்று பத்திரிகைகளில் எழுதினர். அம்மையார் தளரவில்லை. ஊசிமுனை போன்ற தெளிவைவிட உள்ளத்தின் தெளிவே தமக்கு வேண்டும் என்று தம் வழியிலேயே சென்றார். ஓவியர்களும் கவிஞர்களும் அவரைப் பாராட்டினர். லண்டன் தெற்குக் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் அங்கேயே இரு அறைகளை அவர் படமெடுக்க ஒதுக்கித் தந்தது. டென்னிசன், கார்லைல், டார்வின், முதுமையடைந்த ஹெர்ஷல் ஆகியோர் அவர் கேமராவுக்கு முன் அமர்ந்தனர். இன்று அப்பெரியோரை நாம் நினைக்கும்போது மனக்கண்ணில் தோன்றும் முகங்கள் பல அம்மையார் எடுத்தவையே. பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளே அவர் முழு மூச்சுடன் உழைத்தார். 1,200க்கும் மேற்பட்ட படங்கள் இன்று கணக்கெடுக்கப்பட்டுள்ளன.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஆண்களை எடுத்தபோது டார்வின், கார்லைல் என்று அவரவர் பெயரையே படத்திற்கு இட்டார். பெண்களை எடுத்தபோது பல படங்களுக்குப் புராணப் பாத்திரத்தின் பெயரையோ, ஒரு குணத்தின் பெயரையோ இட்டார். ஆண் தன் செயலால் அறியப்பட்டான். பெண் அவள் ஏற்ற வேடத்தால் அறியப்பட்டாள். 1926இல் வர்ஜீனியா உல்ஃப் தம் பெரிய பாட்டியின் படங்களை நூலாக வெளியிட்டபோது, புகழ்பெற்ற ஆண்களும் அழகிய பெண்களும் என்னும் பொருள்பட அதற்குத் தலைப்பு அமைந்தது. அத்தலைப்பிலேயே அக்காலத்தின் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது. தம் காலத்தை எதிர்த்து நின்றவரும் தம் காலத்திலிருந்து முற்றிலும் விடுபட முடியவில்லை.

இலங்கையில் இறுதி ஆண்டுகள்

1873இல் கேமராவைப் பரிசளித்த அருமை மகள் பிரசவத்தில் இறந்தார். இலங்கைக் காப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் தாக்கியது. குடும்பத்தின் வருவாய் குறைந்தது. 1875இல் கேமரன் தம்பதியர் இலங்கையில் இருந்த தம் மகன்களை நாடிப் புறப்பட்டனர். போகுமிடத்தில் நல்ல பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று தங்கள் சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிச் சென்றார்கள் என்பர்.

கொழும்புக்குத் தெற்கே கடலோரத்திலுள்ள களுத்துறையில் அம்மையார் வாழ்ந்தார். வெப்பத்தாலும் இரசாயனப் பொருள்கள் கிடைப்பதிலிருந்த சிரமத்தாலும் படமெடுப்பது குறைந்தது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் சுமார் முப்பது படங்களே எஞ்சியுள்ளன. உலகைத் தனியே சுற்றிச் செடிகொடிகளை ஓவியமாகத் தீட்டிய மேரியன் நார்த் என்னும் பெண்மணி 1877இல் விருந்தினராக வந்தபோது, அவரைச் சால்வை போர்த்தி, கூந்தலை அவிழ்க்கச் செய்து படமெடுத்தார்.

மற்றப் படங்கள் பெரும்பாலும் அங்கே உழைத்து வாழ்ந்த எளிய மக்களுடையவை. அவர்களுள் தமிழர் உண்டு. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்டு, கடல் கடந்து, காட்டு வழியே நடந்து காப்பித் தோட்டங்களுக்குச் சென்ற நம் மக்களே அவர்கள்.

1879 ஜனவரி 26ஆம் நாள் திக்கோயா பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த ஆண்டு மறைந்த கணவரும் அவர் அருகிலேயே துயில்கிறார். சுற்றிலும் அன்று காப்பி விளைந்த மலைச்சரிவுகளில் இன்று தேயிலை விளைகிறது.

பெயரில்லா முகங்கள்

அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களின் மதிப்பை உணர, அதே காலத்தில் நம் நாட்டில் எடுக்கப்பட்ட படங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1868 முதல் 1875 வரை, இந்திய மக்கள் என்னும் பொருள்பட்ட தலைப்பில் எட்டுத் தொகுதிகள் லண்டனில் வெளியாயின. அவற்றில் 468 படங்கள். ஒவ்வொரு படமும் ஒரு சாதியின், ஒரு குலத்தின் மாதிரியாக ஒட்டப்பட்டது. பூச்சிகளை ஊசியில் குத்தி வகைப்படுத்துவது போல் மனிதர்கள் வகைப்படுத்தப்பட்டனர். 1869இல் இங்கிலாந்தின் அறிவியலறிஞர் ஒருவர், குடியேற்ற நாட்டு மக்களை அளவுகோலின் அருகே உடையின்றி நிறுத்திப் படமெடுத்து அனுப்புமாறு அரசின் வாயிலாகக் கேட்டார். உடல்தான் வேண்டும், உள்ளிருக்கும் மனிதர் வேண்டாம் என்ற கொடுமையின் எல்லை அது.

அம்மையாரின் படங்களில் அளவுகோல் இல்லை. களுத்துறைக் குடியானவர்களும் தோட்டத்து இளம் பெண்களும் டார்வினுக்கும் ஜூலியா ஜாக்ஸனுக்கும் விழுந்த அதே மென்மையான ஒளியில் நிற்கின்றனர். சிலர் கேமராவை நேரே பார்க்கின்றனர். அந்தப் பார்வையில் களைப்பும் உண்டு, மானமும் உண்டு.

எனினும் முழு நிறைவு கொள்ள நமக்கு இயலவில்லை. வேலை செய்ய வந்த ஒருவனின் முதுகுக்கட்டு அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டம் இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளச் சொன்னார் அம்மையார் என்று மேரியன் நார்த் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இதைப் படிக்கும்போது நம் மனம் சுருக்கென்கிறது. மேரி ஹில்லியருக்குப் பெயர் உண்டு. மேரி ரையனுக்குப் பெயர் மட்டுமன்றி வரலாறும் உண்டு. இலங்கைப் படங்களில் உள்ளோரில் பெரும்பாலோருக்கோ பெயர் இல்லை. இலங்கைப் பெண், குடியானவர் கூட்டம் என்ற அளவிலேயே அவர்கள் நிற்கின்றனர். அவள் பெயர் செல்லாயியா, மாரியம்மாளா, மரியாயியா? எந்த ஊரிலிருந்து வந்தாள்? யாரை விட்டு வந்தாள்? கேட்டு எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காததால் அவள் என்றென்றைக்கும் முகம் மட்டுமே ஆனாள். முகத்தை மதித்த அம்மையார் பெயரையும் மதித்திருந்தால் அவர் பணி முழுமை பெற்றிருக்கும்.

நம் கையிலும் ஒரு கேமரா

அம்மையாருக்குப் பின் பெண்கள் பலர் கேமராவை ஏந்தினர். ஹைதராபாதில் 1892இல் ராஜா தீன்தயாள், கோஷாப் பெண்களைப் பெண்ணே படமெடுக்கும் தனி ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கினார். 1913இல் பிறந்து 2012இல் மறைந்த ஹோமாய் வியாரவாலா அம்மையார் இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. பின்னர் சேலை உடுத்தி, கனத்த கேமராவைத் தோளில் சுமந்து, ஆண்கள் கூட்டத்திற்கு நடுவே நின்று, 1947இல் நாடு விடுதலை பெற்ற காட்சிகளைப் பதிவு செய்தார். பெண் கேமராவுக்கு முன்னால் மட்டுமே நிற்க வேண்டியவள் அல்லள் என்பதை இவர்கள் வாழ்க்கை காட்டுகிறது.

அன்பார்ந்த மாணவியரே! அம்மையாருக்குக் கிடைக்காத வசதி இன்று நம் வீடுகளில் இருக்கிறது. கைகளில் கறை படியாமலே ஒரு நொடியில் படமெடுக்கலாம். விடுமுறை நாளில் செஞ்சிக் கோட்டையில் ராஜகிரியின் முன் நின்று நம்மை நாமே எடுத்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். வயலில் மணிலாச் செடி பிடுங்கும் அத்தையை, சந்தையில் கூடை வைத்திருக்கும் ஆயாவை, தையல் இயந்திரத்தின் முன் குனிந்திருக்கும் அம்மாவை, ஆசுபத்திரியில் இரவுப் பணி முடித்து வரும் அக்காவை அவர்கள் இசைவைக் கேட்டு எடுங்கள். பவுடரும் திரையும் வேண்டா. உழைக்கும் முகம் உழைப்போடு இருக்கட்டும். கறுத்த நிறம் கறுப்பாகவே இருக்கட்டும். யாருடைய படத்தையும் அவர் அறியாமல் எடுக்காதீர்கள். ஒருவரைக் கேலி செய்ய வரும் படத்தை மற்றவருக்கு அனுப்பாதீர்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். மகளின் படத்தை வரனுக்கு அனுப்பும் நாள் வரும்போது, அவள் படித்த படிப்பையும் செய்யும் பணியையும் முதலில் சொல்லுங்கள். நிறத்தைக் கேட்பவருக்கு விடை சொல்லாமல் இருக்கவும் துணியுங்கள்.

இன்னுமொன்று. நம் பள்ளிக் குழுப்படங்களில் முன் வரிசையில் அமர்ந்திருப்பவர்களின் பெயர்களை அச்சிடுகிறோம். பின்னால் ஓரத்தில் நிற்கும் ஆயாவின் பெயரையும், சத்துணவு சமைக்கும் அம்மாளின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம். பெயர், ஊர், செய்யும் பணி, எடுத்த நாள் ஆகிய நான்கும் இருந்தால் போதும். நூறு ஆண்டுகள் கழித்து அப்படத்தைக் கையிலெடுக்கும் ஒரு சிறுமி, இவர் யார் என்று கேட்டுத் திகைக்கமாட்டாள். இன்னார் என்று பெயர் சொல்லி அறிந்துகொள்வாள்.